ஒருவர் பார்க்கிறார்

“எண்ணெயை நேரா அடுப்புல வைக்காதீங்க. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள பாட்டிலை நிக்க வைங்க. அப்பத்தான் சூடு மெதுவா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறும்.”

தாங்கியில் நின்ற போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, தங்கை இரண்டு சொட்டு எண்ணெயை மணிக்கட்டின் உட்புறம் விட்டுப் பார்த்தாள்.

“சூட்டை உள்ளங்கையில பாக்காதீங்க. அது வேலை செஞ்சு தடிச்சுப்போன தோலு, பொய் சொல்லும். மணிக்கட்டு பொய் சொல்லாது.”

அவளுடைய சின்ன ஸ்பாவில் இரண்டு கட்டில்கள். ஒன்றின் பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கப்படவில்லை. மற்றொன்றில், வாடிக்கையாளர் படுக்கவேண்டிய இடத்தில், துண்டு போர்த்திய நீளத் தலையணை ஒன்று படுத்திருந்தது. ஆட்களை வரவழைக்க அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். தினமும் காலையில் கடை திறந்ததும் நேரலையில் வந்து, தன் கைவேலையின் நுணுக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். திரையின் மூலையில் ஒரு கண் படம் இருக்கும். எத்தனை பேர் பார்க்கிறார்களோ அந்த எண் அதன் பக்கத்தில் வரும். தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பது 1.

கதவு திறந்தது. அக்கா வந்ததும் வராததுமாக உள்ளறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு, ஈரத்தை உதறிக்கொண்டே வந்தாள்.

“தலையணை அண்ணனுக்கு இடுப்பு வலி தேவலையா?”

“மெதுவாக்கா, நேரலை ஓடுது.”

“யாரு கேக்கப் போறா?”

“ஒருத்தங்க இருக்காங்க, பாரு.”

அக்கா குனிந்து பார்த்தாள். “அடேயப்பா! ஊரே திரண்டு வந்திருக்கு.”

தங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டைவிரலைத் தலையணையின் தோள்பட்டையில் வைத்தாள். “பலமா அமுக்கக் கூடாதுங்க. விரலை வச்சிட்டு நம்ம உடம்போட பாரத்தை லேசாச் சாய்ச்சாப் போதும். அவங்க மூச்சு விடும்போது சதை தானா இளகி வழி விடும். அதுவரைக்கும் காத்திருக்கணும்.”

“எவ்வளவு அழகாச் சொல்றே! இதை எங்க ஹோட்டல்ல வந்து சொல்லேன்.” அக்கா பெரிய ஹோட்டல் ஒன்றில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். “மசாஜுக்கு ஆள் எடுக்கறாங்கடி. இன்னிக்கே பதில் சொல்லணும். கடையை மூடிட்டு வந்துடு.”

“நேத்துகூட ஒருத்தங்க உள்ள வந்து கேட்டுட்டுப் போனாங்க.”

“வழிதானே கேட்டாங்க?”

தங்கை துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“நான் என்ன உன் எதிரியா? காலையிலேருந்து நாலு சுவரோட பேசிட்டிருக்கே. கன்னம் ஒட்டிப்போச்சு. இந்த ஒருத்தர் என்னிக்காவது ஒரு வார்த்தை எழுதியிருக்காரா?”

“இல்ல.”

“ஒரு கும்பிடு படம்? ஒரு பூப் படம்?”

“இல்லக்கா.”

“ஆனா தினம் வந்து உக்காந்துக்கறாரு. மௌனச் சாமியாரு!” அக்காவின் குரல் தணிந்தது. “சரி, நியாயமாவே பேசுவோம். இந்த ஒருத்தர் என்னிக்காவது உன் கதவைத் திறந்துட்டு வருவாருன்னு என் தலையில கை வச்சுச் சொல்லு. அப்புறம் நான் வாயே திறக்கல.”

எண்ணெய்க் கை பாதி தூரம் எழுந்து, கீழே இறங்கியது.

“வர மாட்டாங்கக்கா” என்றாள் தங்கை. “அவங்க வரவே மாட்டாங்க. ஹோட்டல்ல சொல்லிடு.”

இவ்வளவு சுலபத்தில் மடங்குவாள் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. “அழறியா என்ன?”

“பேச ஆளில்லாமத்தான்க்கா பேசிட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்க முடியல.”

நேரலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. துண்டை உருவி மடிக்கத் தொடங்கினாள். துண்டு போனதும் கட்டிலில் இருந்தது வெறும் தலையணை.

அக்கா ஹோட்டல் எண்ணை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள். பாதியில் திரும்பினாள்.

“சொல்ல மறந்துட்டேன். உள்ள அலமாரியில உன் பழைய போன்ல நீயே பேசிட்டிருந்தே. எதுக்கு வீணா ஓடுதுன்னு, கை கழுவப் போனப்பவே அணைச்சு வச்சுட்டேன்.”

தங்கையின் கை மடிப்பிலேயே நின்றது. தினமும் நேரலையைத் தொடங்கியதும் உள்ளே போய் அந்தப் பழைய போனில் தன்னையே திறந்து வைத்துவிட்டு வருபவள் அவள். அவளுடைய அந்த ஒருவர், அந்தப் போன்தான்.

மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள். கண் படத்தின் பக்கத்தில் 1 இருந்தது.

“அக்கா, போனை வை!” என்றாள். ஓடிவந்து திரைக்கு முன்னால் நின்றாள். இத்தனை நாள் மடை திறந்தாற்போல் பேசியவளுக்கு, எதிரே நிஜமாகவே ஒருத்தர் இருக்கிறார் என்றதும், ஒரு வணக்கம்கூட வாயில் வரவில்லை.