ஒரு புள்ளி நின்றால்

பயன்பாட்டுக் கணிதத் துறையின் வாராந்திரக் கருத்தரங்கில் அன்று ஜெசிந்தா பேசினாள். திருவிழா நெரிசல்தான் அவளுடைய ஆய்வு. திரையில் ஓடிய கணினி மாதிரியில் ஆட்களுக்குப் பதிலாகப் புள்ளிகள் ஒரு குறுகலான தெருவில் முண்டியடித்தன. விழுந்த புள்ளிகள் மறைந்துபோயின.

அவள் பேசி முடித்ததும், பேப்பரில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு வெளியாள் கடைசி வரிசையில் எழுந்தார்.

“எம்பேரு சுடலைமுத்தும்மா. போன தேரோட்டத்துல எம்மவ என் கையப் புடிச்சிருந்தா. விழுந்துட்டா. பின்னால தள்ளுன தள்ளுல நான் முன்னால போயிட்டேன். நான் அங்கனயே நின்னிருந்தா?”

ஜெசிந்தா ஒரு புள்ளியை மட்டும், விழுந்த புள்ளியின் பக்கத்திலேயே நிறுத்திவைத்து மறுபடியும் ஓட்டிக் காட்டினாள். கூட்டம் அதன்மேல் வந்து மோதியது. சற்று நேரத்தில் இரண்டையும் காணவில்லை.

“பாருங்கய்யா, நீங்க நின்னிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. நீங்களும் சேந்து போயிருப்பீங்க,” என்றாள். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

சுடலைமுத்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்படின்னா எம்பிள்ள தனியாப் போயிருக்க மாட்டாளேம்மா,” என்றார்.