பாறைக்குப் பின்னால்

வயதான ஒரு குரங்கின் தலைக்குள் செவந்தி, பேச்சி என்று இரண்டு நரம்பணுக்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். கண்ணுக்கு மறைந்ததைக் குரங்கு மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ஒருத்தி சொல்ல, மற்றவள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்; ஒருத்தி நிறுத்தினாலும் குரங்கு மறந்துவிடும். ஆபத்து நீங்கிய பிறகுதான் பேச்சை நிறுத்துவார்கள்.

அன்று ஒரு சிறுத்தை சுனையோரப் பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. மரத்திலிருந்த குரங்குக்கோ நல்ல தாகம்.

“பாறைக்குப் பின்னால்!” என்றாள் பேச்சி.

“பாறைக்குப் பின்னால். மெதுவாச் சொல்லுங்க மதினி, எனக்கென்ன காது செவிடா?” என்றாள் செவந்தி.

“அப்புறம் ஏன் காலையில பழம் இருந்த கிளை தெரியாம குரங்கை அலைய விட்ட?”

சொல்லை வாங்கிக்கொள்ளும் செவந்தியின் சின்னச் சின்ன வாசல்கள், நோய்நொடி எதுவும் இல்லாமலே, ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அதை அவள் மூடி மறைத்திருந்தாள்.

அடுத்த முறை ‘பின்னால்’ என்பது மட்டும்தான் கேட்டது. எதன் பின்னால்? கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, “பின்னால், பின்னால்” என்று சமாளித்தாள். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

“மதினி, இருக்கீங்களா?”

பதில் இல்லை. பேச்சி செத்துப்போய்விட்டாளோ என்று செவந்தி நடுங்கினாள். இல்லை, ஆபத்து நீங்கியிருக்கும், அதனால்தான் நிறுத்திவிட்டாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அவளும் வாயை மூடினாள்.

பக்கத்தில் பேச்சி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

குரங்கு மரத்திலிருந்து இறங்கி, சுனையை நோக்கி நடந்தது.