நேற்றைய பனி

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பானட் திறந்து நிற்கிறது கார். காலை வெயில் தேயிலைச் சரிவிலிருந்து இறங்கி எஞ்சின்மேல் விழுகிறது. ஹரோல்ட் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் தங்கை ஐவியிடம் காட்டுகிறார். மூடியின் அடியில் பால் தேநீர் நிறத்தில் நுரை அப்பியிருக்கிறது. மூடியைப் பொருத்திவிட்டு, "ஸ்டார்ட் பண்ணு," என்கிறார். திறந்த ரேடியேட்டரில் தண்ணீர் களக் களக்கென்று குமிழிடுகிறது. பின்னால் குழாய் வெள்ளைப் புகையாய்க் கக்குகிறது. "போதும், நிப்பாட்டு. எண்ணெயில தண்ணி எறங்கிருச்சு. எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போச்சு லா." பின்சீட்டில் அண்ணி ஜூலியானாவின் பிரசவப் பை ஒரு வாரமாகத் தயாராக இருக்கிறது. கண்ணாடியில் அதைப் பார்த்ததும் ஐவி தலையைக் குனிந்துகொள்கிறாள். நேற்று மத்தியானம் மலைப்பாதையில் ரிங்லெட் ஊரைத் தாண்டியதுமே சூடு காட்டும் ஊசி சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதித்தே ஏறி வந்தாள். "ஊசி ஏறிச்சா, பாப்பா?" ஹரோல்ட் பழந்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். "கவனிக்கல அண்ணே. ஒரே பனி. ரோட்டையேதான் பார்த்துக்கிட்டு வந்தேன்." துணியோடு அவர் கை நின்றுவிடுகிறது. நேற்றுப் பகல் முழுக்க இதே சரிவில் மொட்டை வெயிலில் நின்று கொழுந்து வெட்டியவர் அவர். பிடரித்தோல் இன்னும் சிவந்து கிடக்கிறது. ரேடியேட்டர் மூடியை எடுத்து மெல்லத் திருகுகிறார். "ஆமா லா," என்கிறார், அவளைப் பார்க்காமல். "நேத்து நல்ல பனிதான்."