ஒரு வாய்க் காளான்

"இந்தத் தடவை யாரும் சாகமாட்டாங்க அத்தை" என்றாள் கசூபா, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

"போன வருஷம் மட்டும் யாருடி செத்தா? மூணு நாள் புதரே கதின்னு கிடந்தாங்க, அவ்வளவுதானே!"

கசூபா ஒரு காளானைத் திருப்பி அடிமடிப்புகளைப் பார்த்தாள். புழு. வேலிக்கு அப்பால் எறிந்தாள். போன மழைக்காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக் காளான் அவள் சட்டியில் விழுந்து, விருந்துக்கு வந்த மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்த மூவரில் ஒருவன் சிபாலே. மற்ற இருவரைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

சிபாலே ஒரு வாய் தின்று 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட வேண்டும். சின்ன வயதிலிருந்து மனசுக்குள் வைத்திருப்பவன் வாயால் அதைக் கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு.

அதற்காகத்தான் ம்பிகா ஊர்ச் சாலையோரம் வாளி வாளியாகக் காளான் விற்பவர்களை நம்பாமல், விடிந்ததும் விடியாததுமாகத் தானே காட்டுக்குப் போய்ப் பொறுக்கி வந்திருந்தாள். அத்தனையும் புற்றுக் காளான். குருடர்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். தண்ணீரில் போட்டால் ருசி போய்விடும் என்று ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வேர் மண்ணைச் சுரண்டினாள். தண்டை நீளவாக்கில் பிளந்து, குடையைப் பெரிய பெரிய துண்டுகளாக அரிந்தாள்.

"நீ காட்டுக்குப் போயிருந்தப்போ இங்க என்னாச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

"அப்புறம் சொல்லுங்க அத்தை. வெங்காயம் கருகுது!"

காளான் வதங்கி, இடித்த நிலக்கடலை சேர்ந்து கொதித்தபோது வாசனை பாதை வரைக்கும் போனது. பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான் சிபாலே.

"சிபாலே! ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ!"

அகப்பட்ட திருடன் மாதிரி நின்றான். பிறகு தயங்கித் தயங்கி முற்றத்துக்கு வந்தான். எப்போதும் அவனை வாய் நிறைய வரவேற்கும் கசூபாவின் அம்மா, இன்று அவன் தலையைக் கண்டதும் இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கே துணியால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் நழுவினாள். பெற்றவளுக்கே தன் சமையல்மேல் நம்பிக்கை இல்லை என்று கசூபாவுக்குச் சுருக்கென்றது.

சோளக் களியும் காளானும் வைத்தாள். கை கழுவச் செம்பும் பேசினும் நீட்டினாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பசியில்ல கசூபா."

அவன் வயிறு அந்த நேரம் பார்த்துக் கடமுடவென்றது.

"பொய்! போன வருஷத்தையே நெனச்சுக்கிட்டிருக்க. இங்க பாரு!" களியைக் கிள்ளி, காளானில் தோய்த்து, அவன் கண்ணெதிரே விழுங்கினாள். இன்னொரு வாய். இன்னொன்று. "செத்தேனா? செத்தேனா சொல்லு?"

சிபாலே எச்சில் விழுங்கினான். "வாசனை ஆளையே தூக்குது. ஆனா எனக்கு வேண்டாம்."

"என் கையால செஞ்சதுங்கறதாலயா?"

அவன் பரிதாபமாக அத்தையைப் பார்த்தான். அத்தையோ கூரையில் எத்தனை ஓட்டை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். "நான் வரேன்" என்று முணுமுணுத்துவிட்டு, சைக்கிளில் ஏறி மிதித்த மிதியில் சேறு தெறித்தது.

கசூபாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சட்டியோடு தூக்கிக் கோழிகளுக்குக் கொட்டப் போனாள். அத்தை பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"விடுங்க அத்தை! செத்தாலும் இனிமே அவனுக்கு நான் சமைக்கமாட்டேன்."

"அவசரப்பட்டுச் சபதம் போடாதேடி" என்றாள் அத்தை, ஒரு துண்டுக் காளானை வாயில் போட்டுக்கொண்டே. "காலையிலதான் சிபாலே உன்னைப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பியிருக்காரு. அதான் வருங்கால மாமியார் முகத்தை மூடிக்கிட்டு ஓடினா. நாம முறையா விருந்து கொண்டுபோய்க் கொடுக்காம, மாப்பிள்ளை இந்த வீட்டுல எப்படிடி கை நனைப்பாரு?"