பின் சீட்டில் யார்?

“சீட் உயரமா இருக்கு. வேற காட்டுங்க” என்றான் திவாகரன்.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆறடி ஆள். பைக் மேல் உட்கார்ந்தபோது முட்டி மடங்கி, பாதம் முழுசாகத் தரையில் பதிந்திருந்தது.

“உங்களுக்கா ண்ணே உயரம்? அட்வென்சர் பைக்னா அப்படித்தான் இருக்கும் லா!”

பக்கத்தில் நின்ற தனேஸ்வரிக்கும் அதே கேள்விதான். பழைய கப்சாய் பைக் நடுரோட்டில் நின்று மானத்தை வாங்க ஆரம்பித்ததிலிருந்து, புருஷனோடு கடை கடையாக ஏறி இறங்குகிறாள். இருநூற்றைம்பது சிசி பைக் உயரமாம். நூற்றைம்பது சிசி தாழ்வுதான், ஆனால் அடியில் இடிக்குமாம்.

“செம்மண் ரோட்டுல மழை பேஞ்சா இது போகாது” என்றான்.

“எந்தச் செம்மண் ரோடு? நம்ம தாமான் வீட்டுலேர்ந்து உங்க பேக்டரி வரைக்கும் தார் ரோடுதானே?”

“சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

சொல்லிவிட்டு மனுஷன் பின் சீட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். “பின்னால உட்கார்றவங்க சாஞ்சுக்க பாக்ஸ் போடலாமா? பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?”

தனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அவள் மைவி கார் வாங்கிய நாளிலிருந்து இவன் பைக்கில் ஏறியதே கிடையாது. பிள்ளைகளும் ஏறுவதில்லை. பின்னே யாருக்காம் இத்தனை கரிசனம்?

வீட்டுக்கு வந்ததும் பழைய பைக்கின் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே இரண்டாவதாக ஒரு ஹெல்மெட். சின்ன சைஸ். அதன் உள்துணியில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆயுசில் கறுப்புப் பொட்டு வைத்ததில்லை.

அடப்பாவி மனுஷா!

புதன்கிழமை அவனுக்கு வார லீவு. “கூட்டாளியப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்பினான். வயிற்றுவலி என்று வேலைக்கு எம்சி லீவு போட்டுவிட்டு அவளும் காரில் பின்னாலேயே போனாள்.

பைக் புக்கிட் பெருந்துங்கைத் தாண்டி, கலும்பாங் பக்கம் போய், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியது. லோரி ஏறி ஏறிக் குழியாகிக் கிடந்த செம்மண் பாதை. கார் மாட்டிக்கொள்ளும் என்று வெளியிலேயே காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பைக் திரும்பி வந்தது. பின்னால் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்பளை. அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு!

தனேஸ்வரி பின்னாலேயே காரை விட்டாள். இத்தனை வருஷக் குடித்தனம், இரண்டு பிள்ளைகள், எல்லாம் போச்சே என்று அழுதுகொண்டே ஓட்டினாள்.

பைக் அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. காரை அப்படியே நிறுத்திவிட்டுப் பாய்ந்தாள்.

“நல்லா இருக்கு லா உங்க கூட்டாளி! கழட்டச் சொல்லுங்க ஹெல்மெட்ட. மூஞ்சியப் பாப்போம்!”

வாசலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பொம்பளை மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

கண்மணி. தனேஸ்வரியின் சொந்த அக்கா.

 போன வருஷம் தன் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே அக்கா. கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அன்றைக்கே தனேஸ்வரி உறவை அறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அக்கா எங்கே குடி மாறினாள் என்றுகூடத் தெரியாது. இனி அவளோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பிள்ளைகள் தலையில் அடித்துப் புருஷனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

கண்மணி இறங்கப் பார்த்தாள். வலது கால் மரக்கட்டையாக நீட்டிக்கொண்டு நின்றது. திவாகரன் பைக்கைச் சாய்த்துப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாகத் தரையில் கால் வைத்தாள்.

“ரெண்டு வருஷமா முட்டி மடங்கல தங்கச்சி. சொன்னா நீ ஓடி வந்து அழுவேன்னு சொல்லல. உன் வீட்டுப் படியேறி வெத்தலை பாக்கு வைக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா?”

தனேஸ்வரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டுமே! புருஷன் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டு, எத்தனை நாளா இந்தப் பேச்சு வார்த்தையெல்லாம் நடக்குது?”

திவாகரன் தலையைக் குனிந்துகொண்டான். கண்மணிதான் சொன்னாள்.

“அவரத் திட்டாதே. ஆஸ்பத்திரிக்குப் போக ஜங்ஷன்ல பஸ்ஸுக்கு நொண்டிக்கிட்டு நின்னேன். வந்து நிறுத்தி, பின் சீட்டத் தட்டிக் காட்டினாரு. அன்னைலேர்ந்து புதன்கிழமை தவறாம வராரு. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.”