கீழ்வீட்டுச் சிக்னல்

"அண்ணே, எங்க வீட்டை யாரோ ஒட்டுக் கேக்கிறாங்க. உடனே கிளம்பி வா!"

தங்கச்சி போனில் பதறியதும், செல்போன் ரிப்பேர் கடையை அப்படியே சாத்திவிட்டு ஓடி வந்தான் அண்ணன்.

"என்ன ஆச்சு? நிதானமா சொல்லு."

அவள் தன் செல்போனை நீட்டினாள். கணவரின் பேச்சுப் பயிற்சிக்காக வாங்கிய ஸ்பீக்கரை புளூடூத்தில் இணைக்கப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. பட்டியலில் அவர்கள் ஸ்பீக்கருக்குக் கீழே இன்னொரு பெயர், எழுத்தும் எண்ணும் கலந்து. பக்கத்தில், ஏதோ ஆடியோ சாமான் என்று காட்டும் குட்டிப் படம்.

"நாலு நாளா பார்க்கிறேன். காலையில வருது, சாயங்காலம் காணாமப் போயிடுது. நம்ம வீட்ல அப்படி ஒண்ணு கிடையாதுண்ணே."

"பக்கத்து வீட்டுக்காரங்களோடதா இருக்கும்மா."

"பக்கத்துல ஏது வீடு? ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் காலி மனை. கீழே ஹவுஸ் ஓனரம்மா மட்டும்தான். நேத்து மாடிப்படியில என்னைப் பிடிச்சு, 'சாருக்கு இப்ப வார்த்தை தெளிவா வருதே'ன்னாங்க. இவரு வாசப்படி தாண்டியே மூணு மாசமாச்சு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் தாடையைச் சொறிந்தான்.

படுக்கையறையிலிருந்து "ஆ... ஈ... ஊ..." என்று அவள் கணவரின் சத்தம். இருபது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து நாக்கு புரளாமல் போய்விட்டது. தினமும் அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகணும் என்பது டாக்டரம்மா உத்தரவு.

அந்தக் கத்தலுக்காகவே இரண்டு வீட்டில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். முதல் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொன்னதில், கணவர் பத்து நாள் வாயே திறக்கவில்லை. வந்த வார்த்தையும் போய்விட்டது.

"சத்தத்தைப் பதிவு பண்ணிக் காட்டி, நம்மளை வெளிய அனுப்பப் பார்க்கிறாங்களோ என்னவோ." அவள் படுக்கையறைப் பக்கம் பார்த்தாள். "இன்னொரு வீடு மாறினா இவரு தாங்க மாட்டாருண்ணே."

அண்ணன் தன் செல்போனில் சிக்னல் பலத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்தான்.

"இந்தப் பச்சைக் கோடு நீண்டா கிட்ட வந்துட்டோம். குறைஞ்சா விலகிட்டோம். வா."

கூடத்தில் கோடு பாதி. சமையலறையில் கால்வாசி. படுக்கையறைக்குள் நுழைந்ததும் விறுவிறுவென்று நீண்டது.

அலமாரியைத் துழாவினார்கள். திரைச்சீலையை உதறினார்கள். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. "என்... ன?" என்று கேட்ட கணவரிடம், "ஒண்ணுமில்ல, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் செல்போனைத் தரையில் வைத்தான். கோடு இன்னும் கொஞ்சம் நீண்டது.

"தரைக்குக் கீழம்மா. நேர் கீழே, ஓனரம்மா ரூம்."

"நான் சொன்னேன்ல!"

"பொறு. எங்க இருக்குன்னுதான் சிக்னல் சொல்லும். எதுக்கு இருக்குன்னு சொல்லாது."

அதைக் கேட்க அவள் அங்கே இல்லை. படியிறங்கியாயிற்று.

மூன்று முறை பெல் அடித்தாள். பதில் இல்லை. கதவைப் படபடவென்று தட்டிய பிறகுதான் திறந்தது. ஓனரம்மா கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக நின்றார். பின்னால் நாற்காலியில் நர்ஸ் யூனிஃபார்ம் தொங்கியது. கழுத்தில் ஒரு தடிமனான ஹெட்போன்.

"எங்க வீட்ல பேசுறதையெல்லாம் இதுலதான் கேக்கிறீங்களாக்கா?"

"என்னம்மா சொல்ற?" ஓனரம்மா சட்டென்று ஹெட்போனைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பின்னாலேயே வந்த அண்ணன் செல்போனைப் பார்த்தான். கோடு முழுசாக நிரம்பியிருந்தது.

"ஒரு நிமிஷம் குடுங்கக்கா." தயங்கித் தயங்கி அவர் நீட்டியதை வாங்கிக் காதில் மாட்டினான். "தங்கச்சி, ஏதாவது பேசு."

"என்னத்தப் பேச? பண்றதையும் பண்ணிட்டு..."

அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்லக் கழற்றினான்.

"நீ பேசினது ஒண்ணும் சரியா விழலம்மா. இது கேக்கிறதுக்கு இல்ல. வெளிச்சத்தம் காதுல விழாம அடைக்கிறதுக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே கணவர் போடும் "ஆ... ஈ... ஊ..." ஓனரம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, அந்த அறையிலேயே கத்துவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

நெஞ்சை நாலு நாளாக அழுத்திய பாரம் சட்டென்று இறங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நைட் டியூட்டி பார்த்துட்டு வந்து படுக்கிறீங்களாக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பயிற்சியைச் சாயங்காலத்துக்கு மாத்தியிருப்போமே."

"வார்டுல இவரு மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். சத்தம்னு யாராவது முகம் சுளிச்சாப் போதும், அதோட பேச்சை விட்டுடுவாங்க. அதான் சொல்லல."

"மன்னிச்சிடுங்கக்கா. நான் என்னென்னமோ நினைச்சு..."

ஓனரம்மா விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மேல சத்தத்தைக் காணோமே. நாம பேசுறது கேட்டு நிறுத்திட்டாரு போலிருக்கு. ஓடு, போய்க் கத்தச் சொல்லும்மா. ஹெட்போனைக் குடுங்க தம்பி, எனக்குத் தூக்கம் வருது!"