முன் சக்கரத்துக் காற்று

மலையடிவார ஊரான அமிஸ்மிஸின் கடைவீதியில், பிற்பகல் வெயில் இத்தரின் சைக்கிள் கடைக்குள் பாதிதான் நுழைந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் யூபாவின் மலைச் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. பின் டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிசல். மலை இறக்கத்தில் கூர்ங்கல் அதைக் கிழித்ததில் விழுந்து இறந்த யூபாவைப் புதைத்து இன்றோடு நாற்பது நாள். அவன் தங்கை இத்தோ புது டயர்களைக் கைக்கொன்றாகத் தூக்கி எடை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இதே சைக்கிளில் அதே பாதையில் அவள் இறங்கப்போகிறாள். "லேசானதைத்தான் அவனும் கேட்டான், நானும் குடுத்துத் தொலைச்சேன்," என்கிறார் இத்தர். "நீ கனமானதை எடும்மா. ஏத்தத்துல உயிரை வாங்கும்..." நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "ஆனா கல்லு கிழிக்காது." "பின்னாடி அதையே போடுங்கண்ணே. முன்னாடிக்கு?" அவர் முன் டயரின் ரப்பர் புடைப்புகளைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். "இது தேயவே இல்ல, நல்லாப் பிடிக்கும். காத்துதான் கொஞ்சம் இறங்கியிருக்கு. மிச்சத்தை வெளிய விட்டுட்டுப் புதுசா அடிக்கிறேன்." வால்வைத் திருகும் அவர் கையை இத்தோ சட்டென்று பிடிக்கிறாள். "வேணாம்ணே. அது அவன் அடிச்ச காத்து." இத்தர் கையை எடுத்துக்கொள்கிறார். அவர் ஏற்கெனவே தளர்த்திவிட்ட வால்வு மட்டும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.